மேல்வெட்டுக் கல்

இந்த அநியாயத்தைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்கு வயிறு எரிகிறது.

சேலத்துப் பக்கம் ஒரு மாக்கல் குன்று. முன்பெல்லாம் அங்கே கல்சட்டிக்கு மட்டும்தான் கல் எடுத்தார்கள். பிறகு கல்லை மாவாக அரைக்கிற மில் வந்தது. முகப்பவுடருக்கும் காகிதத்துக்கும் பெயிண்ட்டுக்கும் லாரி லாரியாகக் கல் போயிற்று. மில்லுக்கான கல்லைக் குன்றின் அடிவாரத்துக் கீழ்வெட்டில் வெடி வைத்து எடுப்பார்கள். எப்படியும் அரைக்கிற கல்தானே! சட்டிக்கான கல் எடுக்கிற மேல்வெட்டில், குன்றின் உச்சிக் குழியில், கடப்பாரையும் ஆப்பும் மட்டும். வெடியில் அதிர்ந்த கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்துவிடும், அடுப்பில் ஏற்றினால் பிளக்கும். அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் இது தெரியும். வெட்டிய கல்லை அன்றைக்கே வண்டியேற்றி அனுப்பிவிடுவார்கள்; இருப்பு வைக்கும் வழக்கமே கிடையாது.

பாவாயி அங்கே சட்டி செதுக்குகிறவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அவள் உளிதான் சோறு போடுகிறது. கார்த்திகைக் கடைசியில் குவாரி மேஸ்திரி அர்த்தநாரி அவள் வாசலில் ஒரு கல்லை இறக்கினார். அவள் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். கணீரென்று வரவேண்டிய சத்தம் மொத்தென்று வந்தது.

“மேஸ்திரியண்ணா, இது கீழ்வெட்டுக் கல்லாட்டம் இருக்குதுங்களே?”

“எம்புள்ள மேல சத்தியமா மேல்வெட்டுதான். எனக்கே பாடம் சொல்றயா?”

அந்தக் கல்லையே செதுக்கினாள். சட்டியை மெஸ் நடத்தும் ராஜாமணி வாங்கினார். ஏழு நாள் கஞ்சித்தண்ணீர் ஊற்றி, எண்ணெயும் மஞ்சளும் பூசி, முறையாகப் பழக்கித்தான் அடுப்பில் ஏற்றினார். கொதிக்கிற வத்தக்குழம்போடு சட்டி இரண்டாகப் பிளந்தது. முழங்காலிலிருந்து பாதம் வரை மனிதருக்கு வெந்துபோயிற்று.

ஊர்க்கூட்டம் கூடியது. ராஜாமணி எண்ணெய் ஏறிக் கறுத்த துண்டுகளைக் காட்டினார். பாவாயி அடியை மெலிசாக்கிவிட்டாள் என்றார் மேஸ்திரி. அளந்தார்கள், வழக்கமான ஒரு விரல்கடை கனம் இருந்தது. உடனே பேச்சை மாற்றினார்.

“பதில் சட்டிக்கு வேற கல்லு கேட்டு எங்கிட்ட வராதீங்க. மேல்வெட்டுல ஐப்பசி மழையில இருந்து இடுப்பளவு தண்ணி. இன்னிக்கு வரைக்கும் ஒரு ஆளு இறங்கல.”

கூட்டம் தலையாட்டியது. ஒருத்தருக்காவது உறைக்க வேண்டுமே! “சத்தம் சரியில்லன்னு தெரிஞ்சும் செதுக்கினேன், என் தப்புதான்” என்று பாவாயி அழுததைப் பிடித்துக்கொண்டார்கள். இனி அவள் இந்தக் குன்றில் சட்டி செய்யக் கூடாதென்று உளியைப் பிடுங்கி வைத்தார்கள்.

வாங்கியவர் ராஜாமணி, செதுக்கியவள் பாவாயி, கல் கொடுத்தவர் அர்த்தநாரி. வெந்த காலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இவர்களில் யார்? ஊர் செய்தது சரியா?

விடை: ராஜாமணி மீது குற்றமில்லை; சட்டியை முறையாகப் பழக்கியதற்கு எண்ணெய் ஏறிக் கறுத்த துண்டுகளே சாட்சி. மேல்வெட்டில் ஐப்பசியிலிருந்து ஆள் இறங்கவில்லை, இருப்பும் கிடையாது என்றால், கார்த்திகையில் வந்த கல் கீழ்வெட்டில் வெடி வைத்து எடுத்ததுதான். அதை மேஸ்திரி தன் வாயாலேயே சொல்லிவிட்டார். தெரிந்தே கொடுத்து, பெற்ற பிள்ளை தலையில் பொய்ச்சத்தியமும் செய்திருக்கிறார். பாவாயிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அத்தனை பேர் நடுவில் தன் தப்பைத் தானே சொன்னவள் அவள் ஒருத்திதான். அவள் வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியவில்லை. பெரிய மனிதர்களே, முதலில் அந்த உளியை அவளிடம் கொடுங்கள். அப்புறம் அர்த்தநாரியை நடுவில் நிற்க வையுங்கள்.