கொலுமண்டபத்துக்கு வந்த கட்டில்கள்

முன்னொரு காலத்தில் மகிழவனம் என்ற நாட்டை இடும்பவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்ன பேச்சு மத்தியானம்வரை நிற்காது.

அவனுடைய மருத்துவசாலைக்குத் தலைமை வைத்தியர் மாசிலாமணியார். ஒருமுறை ராஜாவுக்கு வயிறு உப்பியபோது, "கஞ்சி மட்டும்தான்!" என்று இவர் அதட்ட, ராஜாவும் மறுபேச்சில்லாமல் குடித்தான். அரண்மனை அதிகாரி வீரபாகுவுக்கு அது பொறுக்கவில்லை.

"வைத்தியர்களுக்குத் திமிர் ஏறிவிட்டது, மகாராஜா! விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை எல்லாரும் அவையில் கைகட்டி நிற்கட்டும். அப்போதுதான் பணிவு வரும்" என்று காதில் ஓதினான். ராஜாவும் தலையாட்டிவிட்டான்.

அப்புறம் என்ன? புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆளில்லை, நாடி பார்க்க ஆளில்லை. மாசிலாமணியார் திரும்பி வரும்போது, காலையில் பேசிக்கொண்டிருந்தவரைப் பாடையில் தூக்கிக்கொண்டிருப்பார்கள். அவர் ராஜாவின் காலில் விழுந்து கெஞ்சினார். "வைத்தியர்கள் அவையை விட்டு நகரக்கூடாது" என்பதுதான் பதில்.

மறுநாள் கொலுமண்டபத்துக்குள் நோயாளிகள் கட்டிலோடு வந்து இறங்கினார்கள். ஒரே இருமல், முனகல். சிம்மாசனத்தின் பக்கத்திலேயே ஒருவன் வாந்தி எடுத்தான்.

"என்னய்யா இது அக்கிரமம்!" என்று ராஜா மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"வைத்தியர்கள்தானே நகரக்கூடாது, மகாராஜா? நோயாளிகள் வரலாமே! கையைக் கட்டிக்கொண்டே எப்படி வைத்தியம் பார்ப்பது என்பதை மட்டும் வீரபாகு சொல்லித்தந்தால் புண்ணியமாய்ப் போகும்" என்றார் மாசிலாமணியார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "வைத்தியர்களெல்லாம் மருத்துவசாலைக்கே போகட்டும்!" என்றான். மாசிலாமணியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நீர் நில்லும்!" என்றான் ராஜா. "இப்பேர்ப்பட்ட மூளை கஷாய நெடியில் வீணாகலாமா? இன்றுமுதல் நீர் என் மந்திரி. டேய் வீரபாகு, உன் கர்வத்துக்குத் தண்டனை, இனி நீதான் மருத்துவசாலைக்குத் தலைவன். போய் அவர்களைக் கட்டி மேய்!"

"ஐயோ மகாராஜா! எனக்குப் பதவி வேண்டாம். வீரபாகுவுக்கு நாடி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. ஜனங்கள் செத்துப்போவார்கள்!" என்று கதறினார் மாசிலாமணியார்.

ராஜா காதிலேயே வாங்கவில்லை. முத்துமாலையை அவர் கழுத்தில் போட்டான்.

கட்டில்களைத் தூக்கினார்கள். காய்ச்சலில் கிடந்த ஒருத்தி கண்ணைத் திறந்தாள். "ஐயா, நாளைக்கு எங்களைப் பார்க்க யாருங்க வருவாங்க?"

"வீரபாகு வருவார், தாயே" என்றார் மாசிலாமணியார்.

புது மந்திரியின் முதல் விகடம் என்று நினைத்து, அவை முழுவதும் கைதட்டிச் சிரித்தது.