முன் மேஜைக்கு வராத ஆறாம் பக்கம்

உட்காருங்க, உட்காருங்க. ஏ, அங்க கதவோரமா நிக்கிற சிவப்புச் சட்டை, உங்களையும்தான். போனைக் கவுத்தி மடியில போடுங்க. பேச்சை நிறுத்துனாத்தான் கதை. இருமுறவங்க இப்பவே இருமிக்கோங்க. ஆச்சா? சரி.

ஒரு குரு. ஒரு சிஷ்யை.

குருன்னதும் தாடி எங்க, கமண்டலம் எங்கன்னு தேடாதீங்க. குருவுக்கு வயசு இருபது. ரெட்டைச் சடை. பேரு பேச்சியம்மாள். பேருலதான் பேச்சு. ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை வந்தா அன்னைக்கு மழை பெய்யும். சிஷ்யைக்கும் இருபதுதான். பேரு ஜெஸிந்தா. எல்லாருக்கும் ஜெஸி. அவ வாய் மூடியிருந்து பாத்தவங்க யாரும் இல்ல. தூக்கத்துலயும் பேசுவா.

ரெண்டு பேருக்கும் திருநெல்வேலியில ஒரு பொம்பளப் பிள்ளைக ஹாஸ்டல்ல, எட்டுப் பேரு தங்குற ஒரே ரூம். கையில போன் இல்லாத காலம். விடிஞ்சா குழாயடியில வாளி வரிசை. வாளி இல்லாதவ சோப்பு டப்பாவை வச்சு இடம் பிடிப்பா. ஞாயித்துக்கிழமை ஆனா மொட்டை மாடி பூரா எண்ணெய்த் தலை. ஒருத்திக்கு வீட்டுல இருந்து இன்லண்ட் லெட்டர் வந்தா பத்து பேரு படிப்பாளுக, பத்து பேரும் அழுவாளுக. அது யாரு வீட்டு அம்மான்னு யாரும் பாக்கிறதில்ல. அதெல்லாம் இனி எங்க!

ஜெஸிக்கு ரெண்டு பொழுதுபோக்கு. ஒண்ணு, அடுத்தவ குரல்ல பேசுறது. வார்டன் ரோஸ்லின் மேடம் மாதிரி மூக்கால இழுத்து, "கேர்ள்ஸ்ஸ்... யாரு அங்க சிரிக்கிறதூ..."ன்னு வராந்தாவுல நின்னு சொன்னான்னா, உள்ள இருக்கிறவளுக புக்கைத் தலைகீழாப் பிடிச்சுப் படிக்க ஆரம்பிச்சிருவாளுக.

இன்னொண்ணு, பேப்பருக்கு லெட்டர் எழுதுறது. நாட்டுல எது நடந்தாலும் அவகிட்ட ஒரு கருத்து ரெடியா இருக்கும். பால் விலை, பரிட்சைத் தாள், கிரிக்கெட் டீமு, கூட்டணி, எதையும் விடமாட்டா. பேச்சியோட தகரப் பெட்டி மேல ஏறி உட்காந்து, மடியில பரிட்சை அட்டையை வச்சு, "மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு"ன்னு தொடங்கிருவா. அதுல மூணு லெட்டர் அச்சுல வந்திருக்கு. ஒண்ணுல பேரை ‘ஜெயந்தா’ன்னு போட்டுட்டான். அதையும் வெட்டிச் சுவத்துல ஒட்டி வச்சிருந்தா.

இவ அவளுக்கு எப்படி சிஷ்யை ஆனா?

மொத வருஷம், மொத நாள். பேச்சி சுவத்தைப் பாத்துப் படுத்து அழுதுகிட்டுக் கெடந்தா. ஜெஸிக்கு அடுத்தவ அழுதா பொறுக்காது. கட்டில் மேல ஏறினா. துணிக்கொடியைப் பஸ் கம்பி மாதிரி பிடிச்சா. தொண்டை கட்டின மாதிரி குரலை மாத்திக்கிட்டா.

"உள்ள போ, உள்ள போ! படிக்கட்டுல என்ன தொங்குத, உள்ள எடம் கெடக்குல்லா! ஏ ரோஸ் தாவணி, பாஸை எடு, மூஞ்சியை ஏன் காட்டுத? ரைட்டு, போலாம்!"

கூடவே நாக்கை மடிச்சு ஒரு விசில். ரூமே உருண்டு சிரிச்சது. பேச்சி மட்டும் சிரிக்கல. அழுகையை நிறுத்தி, எந்திரிச்சு உட்காந்து, கண்ணை மூடிக் கேட்டுகிட்டு இருந்தா.

"ஏட்டி, தியானத்துல உட்காந்துட்டா பாரு. இனி இவதான் நம்ம சாமி"ன்னா ஜெஸி.

அன்னைக்குப் பிடிச்ச பேரு. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா, சாமி தானா வாய் திறக்கும். மூணே வார்த்தை.

"அந்தக் கண்டக்டர் பண்ணு."

ஜெஸியும் கொடியைப் பிடிச்சு ஏறிருவா.

இப்ப உங்க காதோட ஒண்ணு சொல்லுதேன், ஜெஸிகிட்ட போட்டுக் குடுத்திராதீங்க. பேச்சியோட அப்பா பஸ் கண்டக்டர். மொத நாளே அத்தனை பேரும் கண்டக்டரைச் சொல்லிச் சிரிச்சாச்சு. அதுக்கு மேல அவ எப்படிச் சொல்லுவா? சொல்லல. நாளைக்கு, நாளைக்குன்னு மூணு வருஷம் ஓடிப்போச்சு.

ஜெஸி நெனைச்சப்பல்லாம் சாமி முன்னால வந்து கைகட்டி நிப்பா.

"சாமி, பரிட்சை வருது. அடியாள் பாஸாக ஒரு வழி சொல்லணும்."

பேச்சி ஜெஸியோட டிரான்சிஸ்டரைத் திறந்து, பேட்டரி ரெண்டையும் எடுத்துத் தன் தலையணை உறைக்குள்ள போட்டுகிட்டுப் படுத்திருவா. அவ்வளவுதான் உபதேசம். ஜெஸி அந்த வருஷம் பாஸ்.

சரி, பேப்பருக்கு வருவோம்.

ஹாஸ்டலுக்கு ஒரே ஒரு பேப்பர். பன்னெண்டு பக்கம், அதாவது பெரிய தாளு மூணு. சாப்பாட்டு ஹால்ல மேஜையும் மூணு. காலை டிபனுக்கு மேஜைக்கு ஒரு தாளு. இருபது நிமிஷம் ஆனதும் ரோஸ்லின் மேடம் கரண்டியால தட்டுல ‘டங்’குன்னு அடிப்பாங்க. தாளு ஒரு மேஜை முன்னால நகரும், முன் மேஜைத் தாளு கடைசி மேஜைக்குப் போகும். அடுத்த ‘டங்’குக்குள்ள காலேஜ் மணி அடிச்சிரும். ஆக, யாருக்கும் ரெண்டு தாளுக்கு மேல கிடையாது. சாயங்காலம் பேப்பர் அடுக்களைக்குப் போயி வடை எண்ணெய் உறிஞ்சிகிட்டுக் கெடக்கும்.

ஜெஸி முன் மேஜை. மொதப் பக்கம் அவ கைக்குத்தான் வரும். வாங்கி, ரேடியோக் குரல்ல சத்தமா வாசிப்பா. பேச்சி கடைசி மேஜை, ஜன்னலோரம். உள்தாளு அங்கதான் தொடங்கும், அஞ்சாம் பக்கத்துல இருந்து எட்டாம் பக்கம் வரைக்கும். முன் மேஜைக்கு அந்தத் தாளு ஒருநாளும் வந்து சேர்ந்ததில்ல. அதுல என்னதான் போடுவான்னு அங்க யாரும் கேட்டதும் இல்ல.

அன்னைக்குப் புதன்கிழமை. உப்புமா. உப்புமா அன்னைக்கு எல்லாருக்கும் நாட்டு நடப்புல அக்கறை ஜாஸ்தி.

ஜெஸி தொண்டையைச் செருமினா.

"செய்திகள். வாசிப்பது ஜெஸிந்தா. பள்ளிப் பிள்ளைகளை நடுவழியில் இறக்கிவிட்ட கண்டக்டர்! பொதுமக்கள் சாலை மறியல்!"

ஹால் நிமிந்துச்சு.

"மாலை நேரம், கொட்டும் மழை. இருபத்துமூன்று மாணவ மாணவியரை, ஊரே இல்லாத இடத்தில் இறக்கிவிட்டார் கண்டக்டர் சுடலைமுத்து, வயது நாற்பத்தெட்டு. அவர்மீது நடவடிக்கை கோரிப் பொதுமக்கள் மறியல். அதிகாரிகள் விசாரணை."

அதோட பத்தி முடிஞ்சுது. அடியில பொடி எழுத்துல ‘6-ம் பக்கம் பார்க்க’ன்னு இருந்துச்சு. ஜெஸி அதை வாசிக்கல. அவ எப்பவும் அதை வாசிக்கிறதில்ல.

பேப்பரை மேஜையில அடிச்சா.

"பாத்தீங்களாட்டி! பாஸ்னா இவங்களுக்கு இளக்காரம்! ஓசிப் பாஸ், ஓசிப் பாஸ்னு நம்மளை எத்தனை தடவை சொல்லியிருப்பாங்க! நம்ம தம்பி தங்கச்சி மழையில நின்னிருந்தா?"

"விடக்கூடாதுட்டி"ன்னா பக்கத்துல இருந்த செண்பகம்.

"விடுவேனா? ஹாஸ்டலே கையெழுத்துப் போட்டு லெட்டர். எட்டரைக்குத் தபால்காரர் பெட்டி திறப்பாரு. அதுக்குள்ள போட்டாகணும்."

பெஞ்சு மேல ஏறினா. "உள்ள போ, உள்ள போ! மழையா? எறங்கு, எறங்கு! ரைட்டு, போலாம்!" ஹால் பூராவும் தட்டுல தாளம். இறங்கினா. முழுத்தாளை எடுத்து மளமளன்னு எழுதினா. அந்த ஆளை வேலையை விட்டே எடுக்கணுங்கிறதுல முடிச்சா. அடியில கையெழுத்து விழுந்துச்சு. முன் மேஜை பூரா போட்டாளுக. நடு மேஜையும் போட்டுச்சு. ரோஸ்லின் மேடம்கூட கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "கேர்ள்ஸ்ஸ்... இதுதான் நல்ல காரியம்"னுட்டாங்க. அறுபது பிள்ளைக கையெழுத்துன்னா பேப்பர்ல போடாம இருப்பானா? விசாரணையில நிக்கிற மனுசனோட வேலை என்ன ஆகும்? யாரு யோசிச்சா!

கடைசி மேஜையும் போட்டாச்சு. பாக்கி ஒரே ஒருத்தி.

பேச்சி தட்டுல உப்புமா வச்சது வச்சபடி இருந்துச்சு. அவ முன்னால பேப்பரோட உள்தாளு விரிச்சுக் கெடந்துச்சு.

"சாமி, ஒரு கையெழுத்து போட்டு இந்த ஏழை நாட்டைக் காப்பாத்தணும்."

பேச்சி லெட்டரை வாங்கினா. மேல இருந்து கீழ வரைக்கும் நிதானமா வாசிச்சா. மடிச்சா. மடிப்புல நகத்தை வச்சு ஒரு இழுப்பு இழுத்தா. அப்புறம் நடுவுல ரெண்டாக் கிழிச்சா.

ஹாலுல கரண்டிச் சத்தம் நின்னு போச்சு.

மேல் பாதியை ஜெஸி கையில குடுத்தா. கையெழுத்து இருந்த கீழ்ப் பாதியைத் தன் தட்டுக்கு அடியில வச்சுகிட்டா.

"ஏட்டி! கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"இதை அனுப்பு."

"பாதியவா?"

"ம்."

"பாதி லெட்டரைப் படிச்சா ஆசிரியருக்கு என்னட்டி வெளங்கும்?"

பேச்சி தன் முன்னால இருந்த தாளைத் திருப்பி, ஜெஸி பக்கம் தள்ளினா. ஒரு விரலை ஒரு பத்தி மேல வச்சா.

ஜெஸி பழக்கத்துல ரேடியோக் குரல்லதான் தொடங்கினா.

"முதல் பக்கத் தொடர்ச்சி. இது குறித்து மாணவர்கள் கூறியதாவது. பஸ்ஸின் முன்பக்கத்தில் புகை வந்தது. கண்டக்டர் எங்களை ஒவ்வொருவராகத் தூக்கி..."

ரேடியோ அதோட நின்னுருச்சு. மிச்சத்தைச் சொந்தக் குரல்ல வாசிச்சா, அதுவும் பாதி முழுங்கி.

"...தூக்கி இறக்கினார். அடுத்த பஸ் வரும்வரை ஒன்றரை மணி நேரம் மழையில் எங்களுடனே நின்றார். இருட்டினால் பயப்படக் கூடாது என்று எங்களைப் பாடச் சொன்னார். புத்தகப் பைகளை எடுக்க மறுபடி ஏறியதில் அவருக்கு இடது கையில் தீக்காயம்."

‘டங்.’

ரோஸ்லின் மேடம் மணியைப் பாத்துத் தட்டிட்டாங்க. ஒருத்தியும் தாளை மாத்தல.

பேச்சி எந்திரிச்சா, தட்டைக் கழுவினா. மேடம்கிட்ட போயி மெதுவா ஏதோ கேட்டா. மேடம் மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. "போ, போ, உடனே போ"ன்னாங்க. பேச்சி மாடிப்படி ஏறிப் போயிட்டா.

ஜெஸி பின்னாலேயே ஓடினா.

ரூமுல பேச்சி கட்டிலுக்கு அடியில இருந்த தகரப் பெட்டியை வெளிய இழுத்து, ரெண்டு துணியை எடுத்து வயர் கூடையில வச்சுகிட்டு இருந்தா. பெட்டியை மூடிட்டுக் கண்ணாடி முன்னால போயி நின்னா, சடையைத் திரும்பப் போட.

ஜெஸிக்கு மூச்சு வாங்குச்சு. வழக்கம்போல பெட்டி மேல உட்காரப் போனா.

உட்காரல.

மூணு வருஷமா அவ உட்காந்து உட்காந்து தேஞ்சது போக, மூடியில பச்சைப் பெயிண்டுல மிச்சம் இருந்துச்சு. ‘பி. சுடலைமுத்து, நடத்துனர், பணகுடி.’

ஆசிரியர் அவர்களுக்கு எழுதின அத்தனை லெட்டரும் அந்தப் பேரு மேல உட்காந்து எழுதினதுதான்.

ஜெஸி தரையில உட்காந்தா.

"கை ரொம்பவா..."

"தெரியல. போய்ப் பாக்கணும்."

பேச்சி சீப்பை எடுத்துத் தலையை வாரினா.

"மூணு வருஷமா நான் அப்படிப் பேசியிருக்கேன். ஒரு நாளாவது வாயை மூடுட்டின்னு சொல்லியிருக்கலாம்லா?"

பேச்சி ஒரு சடையைப் பின்னி முடிச்சா.

"நீயே பண்ணு பண்ணுன்னு கேப்பியே, ஏன்?"

"தொண்டை கட்டின அந்தக் குரல் அப்படியே எங்கப்பா குரல்"னா பேச்சி. "வீட்டு ஞாபகம் வந்தா நான் வேற எங்க போய்க் கேக்க?"

ஜெஸிக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. பெட்டி மூடியில இருந்த தூசியைத் தாவணி முந்தியால துடைச்சா. துடைக்கத் துடைக்க பச்சைதான் கொஞ்சம் உதிர்ந்துச்சு. சட்டுன்னு கையை எடுத்துகிட்டா.

"பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நானும் வாரேன்."

"வா."

"இனி செத்தாலும் கண்டக்டர் மாதிரி பேசமாட்டேன், பேச்சி."

மூணு வருஷத்துல மொத தடவையா சாமின்னு சொல்லாம பேரைச் சொல்லிட்டா. பேச்சி வாயில ரிப்பன் இருந்துச்சு. அதை எடுத்துச் சடையில கட்டினா, கூடையைத் தூக்கினா, வாசல்ல நின்னு திரும்பினா.

"பேசு. ‘உள்ள போ, உள்ள போ’ன்னு கத்துத பாத்தியா, அதை மட்டும் மாத்திக்கோ. எங்கப்பா ‘உள்ள வாங்க மக்கா’ன்னுதான் சொல்லுவாவ."