வெள்ளத்தாயும் காட்டு மொசக்குட்டியும்

ஒரு ஊர்ல வெள்ளத்தாய்னு ஒருத்தி இருந்தா. வீட்டுக்குப் பின்னாடி கம்பிக்கூண்டு கட்டி வெள்ளை மொசலு வளத்தா. ம் கொட்டு கண்ணு... ஆங்.

ஒரு நா காலையில அவ காட்டுல டிராக்டர் கடகடன்னு உழுதுக்கிட்டு வருது. பாத்தா, சக்கரத்துக்கு முன்னால புல்லுக்குள்ள ஒரு மொசக்குட்டி. கைக்குள்ள அடங்கிரும், அம்புட்டுதான். ஓடவும் இல்ல, அசையவும் இல்ல. வெள்ளத்தாய் பாஞ்சு போய்த் தூக்கிட்டா. டிராக்டர் ஓட்டுற மூக்கையா எறங்கி வந்து சுத்திமுத்திப் பாத்தாரு. தாயும் இல்ல, வளையும் இல்ல.

"தாயில்லாப் புள்ள போல. ஒன் கூண்டுல விட்டுரு தாயீ"ன்னாரு.

அப்புறம் மடியில வச்சு வீட்டுக்குக் கொண்டாந்தா. கூண்டுல ஒரு மொசலு மூணு நா முந்திதான் குட்டி போட்டிருந்துச்சு. அதுங்களோட விட்டா. தாய் மொசலு மோந்து பாத்துட்டு, பின்னங்காலால தொம்முன்னு பலகைய ஒதைச்சுது. காட்டுக்குட்டி மூலையில ஒட்டிக்கிச்சு.

அப்புறம் ஆட்டுப்பாலப் பஞ்சுல நனைச்சு வாயில வச்சா. பால் ஓரமா வழிஞ்சு போச்சு.

அப்புறம் எளசா அருகம்புல்லு கிள்ளிப் போட்டா. அதையும் தொடல. நெஞ்சு மட்டும் படக்கு படக்குன்னு அடிக்குது. வெள்ளத்தாய்க்குச் சோறு எறங்கல. காப்பாத்துறேன்னு தூக்கிட்டு வந்து நாமளே கொன்னுருவமோன்னு கூண்டையே சுத்திச் சுத்தி வந்தா.

ம்? முழிச்சிருக்கியா?

அப்போ கூண்டுல குட்டி போட வச்சிருந்த பெட்டிக்குள்ள குனிஞ்சு பாத்தா. வீட்டு மொசக்குட்டிங்க கண்ணு தொறக்காம, ரோமம் சரியா மொளைக்காம, செவசெவன்னு சுருண்டு கெடக்கு. தாய் தன் முடியப் பிடுங்கி மெத்த போட்டிருக்கு. இந்தக் குட்டிக்கோ ஒடம்பெல்லாம் ரோமம், கண்ணு ரெண்டும் நல்லா முழிச்சிருக்கு. ரெண்டுக்கும் பேரு மொசலுதான், ஆனா பொறப்பே வேற. இதுக்கு வளையும் வேணாம், மெத்தையும் வேணாம். தாய் வெட்டவெளியில ஒக்கார வச்சிட்டுத்தான் போயிருக்கு. இந்நேரம் தேடி வந்துருமேன்னு நெனச்சதும் குட்டிய எடுத்துக்கிட்டு ஓடுனா.

காடு முழுக்க உழுது கெடக்கு. பழைய எடமே தெரியல. வரப்போரம் ஒரு புல்லுத்தூரடியில விட்டுட்டு, தூரமாப் போயி ஒக்காந்தா. பொழுது எறங்குச்சு. அப்போ ஒரு நாயி சளக் சளக்னு நாக்கத் தொங்கப்போட்டு வரப்புமேல வந்துச்சு. வெள்ளத்தாய் கல்ல எடுத்தா. எறிஞ்சா குட்டி மெரண்டு ஓடிருமோன்னு கை நின்னுபோச்சு. குட்டி மண்ணோட மண்ணா அப்பிக்கிச்சு. நாயி பக்கத்துலயே போச்சு, பாக்கல.

அப்புறம் மங்கலா இருட்டுறப்போ, நெட்டக் காதோட, நெட்டக் காலோட ஒரு காட்டு மொசலு வந்துச்சு. உழுத மண்ண மோந்து மோந்து சுத்துது. நிக்குது. திரும்பிப் போகுது. வெள்ளத்தாய் மூச்சே விடல. அது மறுபடி திரும்பி வரப்போரம் வந்துச்சு. குட்டி மெல்ல எந்திரிச்சு அதோட வயித்துக்கடியில பூந்துக்கிச்சு.

சப்பு சப்புன்னு கொஞ்ச நேரந்தான் குடிச்சுது. அப்புறம் தாய் ஒரே தாவுல போயிருச்சு. குட்டி மறுபடியும் தனியா.

வெள்ளத்தாய்க்கு மனசு கேக்கல. கிட்டப் போயி கைய நீட்டுனா. குட்டி அசையாம அவளையே பாத்துச்சு. தாய்தான் நாளைக்கும் வருமேன்னு அவ கைய மடக்கிக்கிட்டு, காலடிச் சத்தங்கேக்காம வீட்டப் பாத்து நடந்தா.

அம்புட்டுதான் கண்ணு, கதை வீடு போய்ச் சேந்துருச்சு. நீயும் கண்ண மூடு.