பதினைந்து எண்ணும்வரை

“மூணு நாளா இந்தத் திரை என்னைப் பழி வாங்குதும்மா” என்றார் சங்கரபாண்டியன்.

ஷம்ஷாத் நிமிர்ந்து பார்த்தாள். பழைய கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுக் கொடுப்பதும், போடத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவள் வேலை. பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில், ஒற்றை அறை. வயது முப்பத்தொன்று. சிரிப்பு அரிது, பேச்சு அதைவிட அரிது.

சீடர் சங்கரபாண்டியனுக்கு அறுபத்திரண்டு. அவருக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அவருடைய கவலையே வேறு.

“என்ன செய்யுது?” என்றாள்.

“கறுத்துப் போயிடுது.”

போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார். பெட்டி, மானிட்டர், கீபோர்டு எல்லாம். வெளியே ஐப்பசி மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. போர்வை நனைந்திருந்தது, மானிட்டர் நனையவில்லை. தன் சட்டையைப் பற்றி அவர் யோசித்ததாகவே தெரியவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் அவருடைய மகள் அமுதினியுடையது. “இதுல லினக்ஸ் போட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்ப்பா” என்று எப்போதோ சொல்லியிருந்தாள். அப்போது அவர் காதில் வாங்கவில்லை. இப்போது அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நடந்திருக்க வேண்டியது. பத்து நாள் இருக்கும்போது வேண்டாம் என்றாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிற்கவைத்து, “நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்” என்றார் சங்கரபாண்டியன். அவள் அழவில்லை. துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு புனேவுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவருடைய போனுக்கு அவளிடமிருந்து வந்தது ஒரே ஒரு செய்தி.

அவர் அனுப்பியது நாற்பத்து மூன்று. மன்னிப்புக் கேட்டார். பதில் இல்லையென்று கோபப்பட்டார். கோபத்துக்கு மறுபடி மன்னிப்புக் கேட்டார். ஒரு நாள், அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று எழுதினார். பதறிப்போய் மகள் அம்மாவை அழைத்தாள். அம்மா வீட்டில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றோடு சரி. அதற்குப் பின் அனுப்பிய எதையும் அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“மூணு நாளா என்ன செஞ்சீங்களோ, அப்படியே செய்யுங்க” என்றாள் ஷம்ஷாத்.

மூன்று நாளுக்கு முன் அவள் கொடுத்தனுப்பியிருந்த பென்டிரைவைச் செருகினார். புது லினக்ஸ் எழுந்து வந்தது. எழுத்தெல்லாம் உப்பி, ஓரங்கள் மங்கி இருந்தன. “இதை வச்சு எவ வேலை பார்ப்பா?” என்று முனகிக்கொண்டே திரை அமைப்புகளைத் திறந்தார். அளவுகளின் பட்டியலில் எல்லாவற்றிலும் பெரியதைத் தேர்ந்தெடுத்தார்.

திரை இருண்டது.

உடனே அவருடைய பத்து விரலும் கீபோர்டின் மேல் பாய்ந்தன. ஷிஃப்டைத் தட்டினார், அம்புக்குறிகளைத் தட்டினார். என்டரை மூன்று தடவை குத்தினார். திரை இருட்டாகவே கிடந்தது.

“பார்த்தீங்களா? இதேதான்.”

“அப்புறம் என்ன செய்வீங்க?”

“அணைச்சுட்டுத் திரும்பப் போடுவேன். பழையபடி வரும். திரும்ப மாத்துவேன். திரும்பக் கறுக்கும். பதினோரு தடவை ஆச்சு.”

“பன்னிரண்டாவது தடவை செய்யுங்க.”

அணைத்துத் திரும்பப் போட்டுச் செய்தார். திரை இருண்டது. விரல்கள் கிளம்பின.

“கையை எடுங்க” என்றாள்.

“என்னது?”

“கையை எடுத்து மடியில வைங்க.”

வைத்தார். முப்பத்தாறு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர் அவர். இரண்டு நிமிஷம் தாமதித்த டிரைவரை வார்த்தையாலேயே உரித்துவிடுவார். விசில் ஊதாமல், யாரையும் விரட்டாமல், சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. ஐந்தாவது நொடியிலேயே வலது கை தானாக எழுந்தது.

ஷம்ஷாத் தன் உள்ளங்கையை விரித்துக் கீபோர்டின் மேல் குடையாகப் பிடித்தாள்.

கை இறங்கியது. மழை பெய்தது.

பிறகு, யாரும் எதையும் தொடாமல், திரையில் வெளிச்சம் வந்தது. உப்பிய எழுத்துகளோடு பழையபடி.

“நான் ஒண்ணுமே செய்யலயே” என்றார்.

“ஆமா.”

“அப்ப எப்படி வந்துச்சு?”

“புது அளவை இந்த மானிட்டரால தாங்க முடியல. அதான் இருட்டு. ஆனா இருட்டுக்குள்ள அது ஒரு கேள்வி கேட்டுட்டு நிக்குது. இதையே வச்சுக்கவான்னு. பதினஞ்சு எண்ணும். பதில் வரலைன்னா தானாப் பழசுக்குத் திரும்பிடும்.”

“எனக்குத் திரும்பலயே.”

“நீங்க பதில் சொல்லிட்டீங்க.”

அவர் என்டர் விசையைப் பார்த்தார். அதன் மேல் அச்சிட்ட எழுத்து பாதி தேய்ந்திருந்தது. மகள் தேய்த்தது கொஞ்சம், இந்த மூன்று நாளில் அவர் தேய்த்தது கொஞ்சம்.

“பதினோரு தடவையும் நானேதான் கெடுத்துக்கிட்டேனா?”

“கெடலை. இப்ப பென்டிரைவ்ல ஓடுது. அணைச்சா எல்லாத்தையும் மறந்துடும். கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தினப்புறம்தான் மறக்காது.”

அவள் பட்டியலில் ஒரு படி கீழே இருந்த அளவைக் காட்டினாள். அவர் அதை அழுத்தினார். திரை ஒரு முறை இமைத்துத் தெளிந்தது. எழுத்துகள் சிறுத்துக் கூர்மையாகி வரிசைக்கு வந்தன. நடுவில் அந்தக் கேள்வி, இந்த முறை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. பதினான்கு, பதின்மூன்று என்று எண் இறங்கிக்கொண்டிருந்தது.

“இப்ப சொல்லுங்க” என்றாள். அவர் என்டரை அழுத்தினார்.

சங்கரபாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்காக இரண்டு மாதத்தில் அவர் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அது. ஈரச் சட்டைப் பைக்குள் கையை விட்டு, பாலிதீன் உறையிலிருந்து போனை எடுத்தார். திரையைப் படம் பிடித்தார். அமுதினியின் பெயரைத் தொட்டார்.

வலப்பக்கம் முழுக்க அவர் அனுப்பியவை. மேலிருந்து கீழ்வரை. கடைசியாக அனுப்பியவற்றின் ஓரத்தில் எல்லாம், அவள் படிக்கவில்லை என்று காட்டும் இரண்டு சாம்பல் டிக். கீழே இந்தப் படம், அனுப்பத் தயாராக.

“இதைப் பார்த்தா மனசு மாறிடுவாம்மா. அவ சொன்னதைத்தானே செஞ்சிருக்கேன்.”

ஷம்ஷாத் போனைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண்ணில் பட்டது.

“அவங்க கடைசியா என்ன எழுதினாங்க?”

அவருக்கு அது மனப்பாடம்.

“கொஞ்ச நாள் எனக்கு எதுவும் அனுப்பாதீங்கப்பா. நானே பேசுறேன்.”

“எப்போ?”

“ஆவணிக் கடைசியில.”

“அதுக்கு நீங்க?”

“பதிலே வரலையேம்மா. ஒரே இருட்டா இருந்துச்சு. அதான் நான் திரும்பத் திரும்ப...”

அவர் நிறுத்திக்கொண்டார்.

கட்டைவிரல் அனுப்பும் குறிக்கு நெல்லளவு மேலே நின்றது. கீழே பஸ் நிலையத்தில், அவருடைய நாற்காலியில் இப்போது உட்காரும் யாரோ செங்கோட்டை வண்டிக்கு விசில் ஊதினார்கள். வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது.

ஷம்ஷாத் இந்த முறை கையை நீட்டவில்லை. தடுக்கவும் இல்லை.

வெகு நேரம் கழித்து அவர் போனை மேசைமேல் வைத்தார். இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டார்.

போனின் வெளிச்சம் குறைந்தது. பிறகு அதுவும் கறுத்தது.

“அவ எதையும் மறக்க மாட்டாம்மா” என்றார்.

கறுத்த போனையே பார்த்தார்.

“இதுக்கு எத்தனை எண்ணணும்?”

“இதுல எண் காட்டாது சார்” என்றாள் ஷம்ஷாத்.