தாண்டவராயன் எந்த வகை?

எங்கள் சங்கத் தலைவர் கா.மு.தாண்டவராயன், தம் பெயருக்குப் பின்னால் எதுவும் வரக் கூடாது என்பவர். ஆண்டறிக்கைக் கோப்புக்குத் தம் பெயரை முதலெழுத்துகளோடு அப்படியே வைத்து, கடைசியில் இருந்த '.டாக்' (.doc) என்ற ஒட்டை அழித்துவிட்டார். அதுவரை வீட்டுக் கணினியில் திறந்த கோப்பு, ஆண்டு விழா மேடைக் கணினியில் திறக்கவில்லை. சிறப்பு விருந்தினராக வந்திருந்த மாவட்ட ஆட்சியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டேய் சடையா, இப்பவே திறக்கணும். என் பெயரில் கை வைத்தால் உன் வேலை காலி!" என்று மைக் முன்னாலேயே குதித்தார் தலைவர்.

பியூன் சடையன் பணிவாகச் சொன்னான்: "ஐயா, கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத்தான் கோப்பின் வகை என்று கணினி எடுத்துக்கொள்ளும். 'தாண்டவராயன் எந்த வகை, தெரியவில்லையே' என்று கேட்கிறது. என்ன பதில் சொல்லட்டும்?"

ஆட்சியரே சிரித்துவிட்டார்.

"எதையாவது ஒட்டித் தொலை!" என்றார் தலைவர். பழைய '.டாக்'கையே ஒட்டியதும் திறந்தது.