ராஜா சாப்பாட்டுக்கு வந்த தழை வண்டி

செண்பகராயன் என்று ஒரு ராஜா. நல்ல மனுஷன்தான். நாக்கு மட்டும் அவர் சொல்பேச்சு கேட்காது. மூன்று வேளையும் ஆட்டுக்கறி வேண்டும். ராஜா சாப்பிட்டால் அரண்மனையே சாப்பிடும். தினம் நூறு ஆடு.

அத்தனை ஆட்டையும் மேய்த்து மேய்த்து மலை மொட்டையாகிவிட்டது. மடைப்பள்ளித் தலைவர் பூவராகன் ஒரு யோசனை சொன்னார்.

"வயலுக்குப் போற ஏரித் தண்ணியை நிறுத்திட்டு, ஆட்டுத் தீவனத்துக்குப் பாய்ச்சுவோம் மகாராஜா."

ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் ஏரிக்குக் கீழே நெல் போட்டிருந்த செவந்தி, மந்திரி திருமேனியின் வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, கதிர் பால் பிடிக்கிற நேரம். பத்து நாள் தண்ணி இல்லேன்னா எல்லாம் பதராப் போயிரும். புள்ளைங்களுக்கு எதைப் பொங்கிப் போடுவேன்?"

திருமேனி ராஜாவிடம் போய்ச் சொன்னார். ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு கிண்ணம் கறிக்குழம்பு சாப்பிடுறேன். அதுக்குப் போயி ஒரு ஏரி வத்திருமா?"

"எனக்கும் தெரியலை மகாராஜா. நாளைக்கு மத்தியானம் பார்த்துருவோம்."

மறுநாள் ராஜா இலை முன்னால் உட்கார்ந்தார். குழம்பு மணக்கிறது. அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜா குழம்பில் என்னென்ன போட்டார்களோ, அத்தனையும் கொஞ்சம் கொஞ்சம் கொண்டுவர வேண்டும். மடைப்பள்ளித் தலைவர் ராஜா கண்ணெதிரே தின்று காட்ட வேண்டும். விஷ பயம்! பூவராகன் உப்பை நக்கினார், மிளகாயைக் கடித்தார், கறியை மென்றார். ராஜா கையை நீட்டினார்.

"பொறுங்க மகாராஜா, இன்னும் பாக்கி இருக்கு" என்று திருமேனி வாசல் பக்கம் பார்த்துக் கைதட்டினார்.

முற்றத்தில் ஒரு வண்டி தழை வந்து நின்றது. பின்னாலேயே இன்னொரு வண்டி. அதன் பின்னால் செவந்தியும் ஊர் சனமும், தலையில் தண்ணீர்க் குடத்தோடு.

"என்னய்யா இது?"

"உங்க குழம்புல போனதுதான் மகாராஜா. இந்தக் கிடா ஒரு வருஷமா தின்ன தழை. அந்தத் தழை வளரக் குடிச்ச தண்ணி. ஒரு சிட்டிகை உப்புக்கே சோதனை பண்றோம். இத்தனை வண்டி உள்ளே போயிருக்கே, எவனாவது எதையாவது கலந்திருந்தா?"

ராஜா முகம் வெளுத்துவிட்டது. "ஆமால்ல! பூவராகா, தின்னு காட்டு."

"மகாராஜா, நான் மனுஷனா ஆடா?"

"எங்க தாத்தா காலத்து வழக்கம். மெல்லு!"

பூவராகன் கட்டுக்கு ஒரு பிடி மென்றார். குடத்துக்கு ஒரு வாய் குடித்தார். இருபதாவது குடத்தில் வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது. குழம்பு ஆறி ஆடை கட்டிவிட்டது. ராஜாவின் வயிறு கத்துவது வாசல் காவல்காரனுக்கே கேட்டது.

"திருமேனி, இன்னும் எத்தனை குடமய்யா?"

"வரிசையோட தலைதான் இங்க இருக்கு மகாராஜா. வால் ஏரிக்கரையில நிக்குது. இது ஒரு ஆட்டுக்கு. இன்னும் தொண்ணூத்தொம்பது ஆடு இருக்கு."

ராஜா குழம்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "சீக்கிரம் சோதிச்சு முடிக்கிற மாதிரி என்ன இருக்கு?"

"கீரைக் கடைசல். ஒரு குடம் தண்ணியோட முடிஞ்சிரும்."

ராஜா கீரையும் சோறுமாக மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்கே ஏரித் தண்ணீரை வயலுக்குத் திருப்பச் சொன்னார். திருமேனிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். செவந்தி குடத்தைப் போட்டுவிட்டு வயலுக்கு ஓடினாள்.

"ஆனா ஒண்ணு, வாரத்துக்கு ஒரு நாளாவது எனக்குக் கறி வேணும்" என்றார் ராஜா.

மூலையில் சுருண்டு கிடந்த பூவராகன் பதறி எழுந்தார்.

"வருஷத்துக்கு ஒரு நாள் வச்சுக்கலாம் மகாராஜா! இன்னிக்குத் தின்னதையே நான் இன்னும் அசைபோட்டு முடிக்கலை!"