தும்பை சூடிய நெசவுக்காரி மகள்

முன்னொரு காலத்திலே, ஆடு மாடுகள்கூட நியாயம் கேட்ட காலத்திலே, மருதங்கோடு என்றொரு நாடு இருந்தது.

அங்கே கொல்லைக்குக் கொல்லை தும்பைச் செடி. யாரும் விதைக்கவில்லை, தானே முளைத்தது. சளி பிடித்தால் அதைக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பார்கள். தேள் கொட்டினால் இலையைக் கசக்கிக் கடிவாயில் வைப்பார்கள். மன்னர்கள் நேருக்கு நேர் போர் செய்யப் போனால் அதன் வெள்ளைப் பூவை மாலையாகச் சூடுவார்கள். இன்னொரு குணமும் உண்டு: தும்பைச் சாறு பட்ட இடத்தில் மாயம் நிற்காது.

அரண்மனை மந்திரவாதி காரிருளனுக்கு இது பொறுக்குமா?

"அரசே, வீரர் சூடும் பூவை விளக்குமாறு பிடிக்கிற கையும் பறிக்கிறது. உங்கள் மானம் என்னாவது?"

மானம் என்று காதில் விழுந்தால் அந்த அரசன் யோசிக்கமாட்டான். கொல்லைச் செடிகளையெல்லாம் பிடுங்கச் சொன்னான். அரண்மனைத் தோட்டத்தில் மட்டும் ஒரு பாத்தி மிஞ்சியது. "போருக்குப் போகாத கை தும்பையில் படக்கூடாது" என்று ஊரெல்லாம் பறையறைந்தார்கள். இருமுகிற குழந்தையை யாரும் கேட்கவில்லை.

நெசவுக்காரி நச்செள்ளை மட்டும் ஒரு செடியை ஒளித்துவைத்துத் தெருக் குழந்தைகளுக்குச் சாறு கொடுத்தாள். காரிருளன் மோப்பம் பிடித்தான். செடியை எரித்தான், அவளைச் சபித்தான். முதல் நாள் முழங்கால் வரை கல். இரண்டாம் நாள் இடுப்பு வரை கல். மூன்றாம் நாள் கழுத்து வரை கல். பொழுது சாய்ந்தால் மூச்சும் கல்.

மகள் எயினி தோட்டத்துக்கு ஓடினாள்.

"அண்ணே, அம்மாவுக்கு மூணு சொட்டுச் சாறு வேணும்."

"போருக்குப் போகாத கை தும்பையில் படக்கூடாது" என்றான் காவலன்.

"போருக்குப் போகிற கை படலாமா?"

"படலாம்."

"அப்போ நான் போருக்குப் போறேன்."

"ஆம்பளைங்கதான் போகணும்."

"பறையறைஞ்சப்போ ஆம்பளைன்னு சொன்னாங்களா?"

காவலன் தலையைச் சொறிந்தான். "சொல்லலை."

"அரசர் சொல்லாததை நீங்க ஏன் சேர்க்கறீங்க? அவருக்கே திருத்தம் போடுறீங்களா?"

காவலன் அவளை இரண்டு மாலை கட்டவிட்டான். ஆனால் கூடவே ஈட்டிக்காரர்களையும் அனுப்பினான். தும்பையைத் தொட்டவள் போர்க்களத்துக்குத்தான் போகவேண்டும், வீட்டுக்குப் போகமுடியாது.

செய்தி கேட்டுக் காரிருளனோடும் வீரர்களோடும் போர்க்களத்துக்கு வந்த அரசன் கேட்டான்: "உன் பகைவன் யார்?"

"காரிருளன்."

காரிருளன் சிரித்தான். "நூல்காரப் பெண்ணே, உன் ஆயுதம் எங்கே?"

"அது பிறகு. முதலில் நீங்க மாலையைச் சூடுங்க."

தும்பைப் போர் என்றால் இரண்டு தரப்பும் தும்பை சூடவேண்டும். அரசனுக்கும் அவன் பாட்டனுக்கும் முந்திய வழக்கம் அது. ஒருவர் மட்டும் சூடினால் அது போர் இல்லை, கொலை. காரிருளன் சட்டத்தைத்தான் வளைத்தான், வழக்கத்தை மறந்துவிட்டான்.

"எனக்கு மாலை பழக்கமில்லை."

"ஊரில் யாருக்குமே பழக்கம் விட்டுப்போச்சு, உங்களாலே. சூடுங்க."

"நாளைக்குச் சூடுகிறேன்."

"புறமுதுகு காட்டுறீங்களா? சூடுங்க."

வீரர்கள் முணுமுணுத்தார்கள். அரசன் நெளிந்தான். "சூடு, காரிருளா. என் மானம் போகிறது."

எயினி ஒரு மாலையைத் தான் சூடி, மற்றதைக் கசக்கி அவன் கழுத்தில் போட்டாள். சாறு வழிந்தது. மந்திரவாதி வெறும் கிழவனாக நின்றான். நெசவாளர் தெருவில் கல் வெடித்தது: கழுத்து, இடுப்பு, முழங்கால். நச்செள்ளை மூச்சுவிட்டாள்.

"என்ன பரிசு வேண்டும்?" என்றான் அரசன்.

"பிடுங்கினதையெல்லாம் திருப்பி நடணும்."

"ஆட்களை அனுப்புகிறேன்."

"உத்தரவு போட்டது ஆட்களா, நீங்களா?"

அரசன் பாத்தியிலிருந்து நாற்றெடுத்து வீடுவீடாக நட்டான். காரிருளன் தண்ணீர் சுமந்தான். நச்செள்ளையின் கொல்லையில் அரசன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர, அவள் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"மேலாக நட்டிருக்கு. இன்னும் ஆழமா நடுங்க, ராசா."

அவன் மறுபடி குனிந்தான். அதன் பிறகு அந்த நாட்டில் மாயமும் பலிக்கவில்லை, சளியும் தங்கவில்லை.